"அடிப்பாரா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்கிறார்கள். குடும்ப வன்முறை ஆய்வுக்குக் கேள்வித்தாள் உதவி தேவை (சேலம், ஏற்காடு)

தறிச்சத்தம்

வணக்கம். சேலத்தில் சமூகப்பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கணவன் மனைவிக்குள் நடக்கும் வன்முறைதான் தலைப்பு. களம் இரண்டு: கொண்டலாம்பட்டி பக்கம் விசைத்தறி வேலை செய்யும் குடும்பங்கள், ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள். முன்னோட்டமாகப் பன்னிரண்டு பேரிடம் பேசிப் பார்த்தேன். பேசியதிலிருந்து குழப்பம்தான் கூடியிருக்கிறது.

"உங்கள் கணவர் உங்களை அடிப்பாரா?" இதுதான் என் முதல் கேள்வி. ஒன்பது பேர் இல்லை என்றார்கள். அதில் ஓர் அக்கா தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே பேசினார். கை நிற்கவே இல்லை. "அடிக்கறதெல்லாம் இல்லீங்க. கோவம் வந்தா கை நீட்டுவாரு, அவ்வளவுதான்." நான் 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டு முடித்திருந்தேன். வீட்டுக்கு வந்து தாள்களை அடுக்கும்போதுதான் உறைத்தது. அவர் சொன்னதில் எந்தப் பாதியை நான் எழுதிக்கொண்டேன்?

இன்னொன்று, என்னுடைய தப்பு. பங்கேற்கிறவர் ஒவ்வொருவருக்கும் தகவல் தாள் ஒன்று கொடுக்க வேண்டும் என்பது விதி. மேலே கொட்டை எழுத்தில் 'குடும்ப வன்முறை' என்று தலைப்பு. கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஒரு போன். "அந்தப் பேப்பர எதுக்கும்மா குடுத்துட்டுப் போன? கொழுந்தன் படிச்சுட்டு அவருகிட்டக் காட்டிட்டான்." நல்லவேளையாக அன்றைக்குச் சத்தத்தோடு போயிற்று. அதற்குப் பிறகு நான் களத்துக்குப் போகவில்லை.

எந்தச் சொல்லில் கேட்பது? தாளை என்ன செய்வது? அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்கச் சேலத்துக்கென்று ஏதாவது எண் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21, மாவட்டத் தகவல் அட்டையைப் புரட்டினால் ரத்தசோகை, தடுப்பூசி, கழிப்பறை எல்லாம் இருக்கும், இது இருக்காது. வன்முறை பற்றிய பகுதியை மாநிலக் கணக்குக்காகத் தனியாகப் பிரித்த 15 சதவீத வீடுகளுக்குள்தான் கேட்கிறார்கள். அதிலும் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம். மாவட்டவாரியாகப் பிரித்தால் எதுவும் தேறாது. இந்த ஆய்வைக் காட்டி 'சேலத்தில் இத்தனை சதவீதம்' என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்ட வேண்டாம்.

மாநிலத்துக்கு எண் உண்டு. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை, திருமணமானவர்களில் 38.1 சதவீதம் பேர் கணவனிடம் எப்போதாவது உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இந்திய அளவில் 29.3. அப்படியானால் நாம் மோசமா, இல்லை நம் பெண்கள் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறார்களா? எண்ணை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. கர்நாடகத்தைப் பாருங்கள். நான்காம் சுற்றில் 20.6, ஐந்தாம் சுற்றில் 44.4. நான்கைந்து வருடத்தில் ஒரு மாநிலத்து ஆண்கள் எல்லாரும் மாறிவிடுவார்களா? யார் கேட்டார், எப்படிக் கேட்டார் என்பதிலும் ஏதோ மாறியிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

இப்போது உங்கள் 'அடி'. அந்த ஆய்வு 'வன்முறை உண்டா' என்று மொத்தமாகக் கேட்பதில்லை. தள்ளிவிட்டாரா, உலுக்கினாரா, பொருளைத் தூக்கி எறிந்தாரா, கன்னத்தில் அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா, கழுத்தை நெரித்தாரா என்று செயல் செயலாகப் போகும். மர்ரே ஸ்ட்ராஸ் 1979இல் அமெரிக்காவில் வெளியிட்ட அளவுகோலிலிருந்து வந்த பழக்கம் இது. அந்தப் பெண் 'அடி' என்று எதைச் சொல்கிறார் என்பது அவர் பாடு. 'முடியைப் பிடித்து இழுத்தாரா' என்பதற்கு அர்த்தம் ஒன்றுதான். உங்கள் அக்காவுக்குக் 'கை நீட்டறது' வேறு, 'அடி' வேறு. அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் தப்பு.

ஓய்வுச்செவிலி

கண்ணு, அந்தத் தாள் விஷயம் படிச்சதும் வயித்தக் கலக்கிருச்சு. உலக சுகாதார நிறுவனம் 2001லயே இதுக்கு ஒரு கையேடு போட்டிருக்கு. ஆய்வோட பேரை வெளியில சொல்லும்போது 'பெண்கள் உடல்நலமும் வாழ்க்கையும்' மாதிரி வைக்கச் சொல்லுது. சம்மதம் கேட்கும்போது அவங்ககிட்ட மட்டும் தனியா முழுசையும் சொல்லணும். வீட்டுல எதையும் விட்டுட்டு வரக் கூடாது. ஒரு வீட்டுல ரெண்டு பெண்கள்கிட்டக் கேட்கக் கூடாது. மாமியார் உள்ள வந்துட்டா பேச்ச மாத்த வேற ஒரு கேள்வித்தாள் கையில இருக்கணும். "கேஸ் சிலிண்டர் எத்தன நாளைக்கு வருது? பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சா?" அப்படின்னு. உங்க நெறிமுறைக் குழுகிட்டக் கையேட்டைக் காட்டு, ஒத்துக்குவாங்க.

நான் முப்பது வருஷத்துக்கு மேல அவசரப் பிரிவுல இருந்தவ. எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். "படியில விழுந்துட்டேன்"னு எல்லாரும் சொல்வாங்க. நெசமாவே விழுந்த பொண்ணுக்கு முழங்கை, மணிக்கட்டு, முழங்கால்ல அடி இருக்கும். கையத் தூக்கி முகத்த மறைச்சவளுக்கு முன்னங்கையோட வெளிப்பக்கம், சுண்டுவிரல் இருக்கற ஓரத்துல கன்னிப்போயிருக்கும். இன்னொரு அடையாளம், "என்னம்மா ஆச்சு"ன்னு அவளக் கேட்டா அவரு பதில் சொல்வாரு. நாங்க "எக்ஸ்ரே ரூமுக்குள்ள ஆம்பளைங்க வரக் கூடாது"ன்னு சொல்லி வெளியில நிறுத்துவோம். அப்படி ஒரு விதியே கிடையாது.

கழுத்தைப் பத்திக் கட்டாயம் கேளு. கழுத்த நெரிச்சா பல நேரம் வெளியில ஒண்ணுமே தெரியாது. குரல் கம்மியிருக்கும், எச்சில் முழுங்க வலிக்கும். ஜாக்குலின் கேம்ப்பெல்னு அமெரிக்காவுல ஒரு செவிலி 1980கள்ல ஓர் அளவுகோல் உண்டாக்கினாங்க, உயிருக்கு எவ்வளவு ஆபத்துன்னு கணிக்கறதுக்கு. கழுத்த நெரிச்சது அதுல முக்கியமான கேள்வி. அவங்க ஆய்வுல தெரிஞ்ச இன்னொண்ணு, பெண் விட்டுட்டுப் போகும்போதும் போன புதுசுலயும்தான் ஆபத்து அதிகம். அதனால யாருகிட்டயும் "கெளம்பி வந்துருங்க அக்கா"ன்னு சொல்லிராத. அவங்க கணக்கு அவங்களுக்குத்தான் தெரியும்.

ஐந்து_ரோடு

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். இந்த ஆய்வுகள் எல்லாமே ஏன் பெண்களிடம் மட்டும் கேட்கின்றன? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தட்டு பறந்தால் இரண்டு பக்கமும்தான் பறக்கிறது. பொய்க் கேஸில் அலைகிற ஆண்களையும் எனக்குத் தெரியும். முடிவை முதலிலேயே வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் அதற்குப் பெயர் ஆய்வா?

கணக்குப்பிள்ளை

கேட்க வேண்டிய கேள்விதான். ஐம்பது வருடமாக இந்தத் துறையே அதில்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நான் சொன்ன ஸ்ட்ராஸ் அளவுகோலில் ஆண், பெண் எண்ணிக்கை கிட்டத்தட்ட சமமாக வந்தது. ரஸ்ஸல் டோபாஷ், எமர்சன் டோபாஷ் என்று இருவர் எதிர்த்தார்கள். யார் முதலில், எதற்காக, யாருக்குக் காயம், யாருக்குப் பயம் என்று எதையும் அந்த அளவுகோல் கேட்பதில்லை. அறையும் ஒன்று, அறையைத் தடுக்கத் தள்ளியதும் ஒன்று. இப்படி எண்ணினால் சமமாகத்தானே வரும் என்றார்கள்.

1995இல் மைக்கேல் ஜான்சன் ஒரு வழி சொன்னார். இரண்டு பக்கமும் வேறு வேறு விஷயத்தை எண்ணுகிறீர்கள் என்றார். வாக்குவாதம் முற்றிக் கை கலப்பது ஒரு வகை. பொதுமக்களிடம் எடுக்கும் சர்வேயில் அதிகம் வருவது அது. இன்னொன்று, ஒருவர் மற்றவரை முழுதாகக் கட்டுக்குள் வைப்பதற்காகச் செய்வது. போன் யாருக்குப் போட்டாய், அம்மா வீட்டுக்கு எதற்கு, காசு எங்கே, யாரைப் பார்த்துச் சிரித்தாய். அதில் அடி எப்போதாவதுதான் விழும், பயம் தினமும் இருக்கும். காப்பகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் வருவது பெரும்பாலும் இந்த வகை. உங்கள் தெருத் தட்டு முதல் வகையாக இருக்கலாம்.

நம் ஊர் தேசிய ஆய்வும் பெண்ணிடம் இதைக் கேட்கிறது: அவர் அடிக்காத நேரத்தில் நீங்களாக அவரை எப்போதாவது அடித்ததுண்டா?

ஐந்து_ரோடு

அந்தக் கேள்வி இருப்பது தெரியாது. சரி. பொய்க் கேஸ் விஷயத்தில் நான் மாறவில்லை.

சில்வர்_ஓக்

ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவன், அப்பா தோட்டத்து மேஸ்திரி. லயன் வீடு தெரியுமல்லவா, வரிசையாக ஒட்டி ஒட்டி? நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டில் தாளிக்கும் சத்தம் கேட்கும்போது அறை விழும் சத்தம் கேட்காதா? எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும்போது அந்த அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பார், ஒருவரும் கேட்க மாட்டார்கள். எங்கள் அம்மா மட்டும் சாயங்காலம் கொஞ்சம் குழம்பு கொண்டுபோய்க் கொடுப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

அதனால் தோட்டத்தில் உங்கள் பிரச்சினை, யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது இல்லை. தனியாக நின்று பேச இடமில்லை என்பதுதான். லயன் வீட்டுத் திண்ணையில் பேசினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். பழம் பறிக்கும் காலத்தில் போங்கள், நவம்பர் கடைசியிலிருந்து. செடிக்குள் ஆளுக்கு ஒரு வரிசையாகப் பிரிந்து நிற்பார்கள். ஆனால் கிலோ கணக்கில் கூலி. நீங்கள் பேசுகிற அரைமணிக்கு அவர் பை நிறையாது. நீங்களும் கூடவே பறித்து அவர் பையில் போடுங்கள்.

இன்னொன்று. 'புகார் கொடுத்தீர்களா' என்று கேட்டு 'இல்லை' வந்தால், பயம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோர்ட்டுக்கு என்றால் கீழே இறங்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு நாள் கூலி, பிள்ளையை யாரிடம் விடுவது? வாய்தா போட்டால் மறுபடியும் அதே பஸ்.

அஸ்தம்பட்டி_வக்கீல்

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது, முதல் விசாரணையை மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும், மனுவை அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது. காகிதத்தில் படிக்க நன்றாக இருக்கும்.

ஆய்வாளருக்கு உதவும் விஷயம் அந்தச் சட்டத்தின் வரையறைதான். உடல், பாலியல், சொல்லாலும் மனத்தாலும் செய்வது, பொருளாதாரம் என்று நான்காகப் பிரிக்கிறது. கூலியைப் பிடுங்கிக்கொள்வது, நகையை விற்பது, வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது எல்லாம் உள்ளே வரும். உங்கள் கேள்வித்தாளில் நான்காவது இருக்கிறதா? பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பெண்கள் நினைப்பதுபோல எல்லாமே போலீஸ் கேஸ் அல்ல. பாதுகாப்பு அலுவலரிடம் போனால் அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். கேட்பது பாதுகாப்பு, வீட்டில் இருக்கும் உரிமை, செலவுக்குப் பணம். கணவரை உள்ளே தள்ளுவது அதன் நோக்கம் அல்ல; உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை. மாமனார் பெயரில் உள்ள வீடானாலும் அவள் அங்கே வாழ்ந்திருந்தால் உரிமை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான தண்டனைப் பிரிவு, பழைய 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, அது வேறு பாதை, அதுதான் கிரிமினல். ஐந்து ரோடு நண்பர் கோபப்படுவது அதன்மேல் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டத்தில் காப்பு உண்டு. ஆய்வாளரிடம் சொல்வதற்குக் கிடையாது. உங்கள் நோட்டை நீதிமன்றம் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். பெயர், தெரு, தறிப்பட்டறை எதுவும் அதில் இருக்கக் கூடாது. எண் மட்டும் போடுங்கள்.

பாவு_நூல்

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகத் தறி ஓட்டுகிறது, நாங்கள் முதலாளிகள் இல்லை. யாரும் சொல்லாத ஒன்று: முன்பணம். கணவன் மனைவி இருவரையும் சேர்த்துத்தான் பட்டறையில் எடுப்பார்கள். அவன் தறி ஓட்டுவான், அவள் தார் சுற்றுவாள். முன்பணம் இருவர் பேரிலும் சேர்த்து. கல்யாணத்துக்கு வாங்கியது, பிரசவத்துக்கு வாங்கியது என்று ஏறிக்கொண்டே போகும். அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் முதலில் ஆள் அனுப்புவது புருஷன் இல்லை, பட்டறைக்காரர். ஊர்ப் பெரியவர்களும் சமாதானம்தான் பேசுவார்கள், தறி நிற்கிறதே. இதை எந்தச் சர்வேயிலும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம், ஆய்வாளர்கள் என்றாலே எங்கள் ஊரில் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. அந்தக் காலத்தில் எத்தனை பேர் பை மாட்டிக்கொண்டு வந்து "பொட்டப் பிள்ளையை என்ன செய்வீங்க" என்று கேட்டார்கள் என்று என் பாட்டி சொல்வார். கேட்டவர்களுக்குப் பட்டம் கிடைத்திருக்கும். ஊருக்குக் கெட்ட பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கோபத்தில் சொல்லவில்லை, தங்கச்சி. தெரிந்துகொண்டு போங்கள்.

கணக்குப்பிள்ளை

பாவு நூல் சொன்னதோடு சேர்த்து இரண்டு ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் நமக்குப் பக்கத்து ஊர்.

ஒன்று திருவனந்தபுரம், பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் 2005இல் வெளியிட்டது. சொத்தே இல்லாத மனைவிகளில் 49 சதவீதம் பேர் கணவனிடம் உடல்ரீதியான வன்முறையை அனுபவித்திருந்தார்கள். நிலம் மட்டும் பெயரில் இருந்தால் 18, வீடு மட்டும் இருந்தால் 10, இரண்டும் இருந்தால் 7. நிலத்தைவிட வீடு கூடுதலாகக் காப்பாற்றுகிறது என்பதைக் கவனியுங்கள். கதவைத் திறந்துகொண்டு போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பது அவனுக்கும் தெரியும்.

இன்னொன்று பெங்களூரு, சுனீதா கிருஷ்ணன் குழுவினர், 2010. இளம் மனைவிகளைத் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார்கள். வேலைக்குப் போகாமல் இருந்து புதிதாகப் போகத் தொடங்கியவர்களுக்கு வன்முறையின் வாய்ப்பு 80 சதவீதம் கூடியிருந்தது. சம்பாதித்தால் அடி குறையும் என்பதுதானே நாம் எல்லோரும் நினைப்பது? ஒருமுறை மட்டும் போய்க் கேட்டிருந்தால் எது முன், எது பின் என்றே தெரிந்திருக்காது.

ஆகவே 'வேலைக்குப் போகிறீர்களா' என்ற ஒற்றைக் கேள்வி போதாது. கூலி யார் கையில் வருகிறது, வீடு யார் பெயரில், முன்பணம் யார் பெயரில் என்று கேளுங்கள். ஐந்து ரோடு ஏதோ சொல்ல வருவார் என்று நினைக்கிறேன்.

ஐந்து_ரோடு

வரவில்லை. வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சில்வர்_ஓக்

😀

தறிச்சத்தம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

தகவல் தாளை மாற்றக் குழு ஒத்துக்கொண்டது, செவிலியம்மா சொன்ன கையேடுதான் வேலை செய்தது. கையெழுத்துக்குப் பதில் வாய்மொழிச் சம்மதம். இப்போது முதல் கேள்வி, "அவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்?" அதற்கு அவர்கள் என்ன சொல் சொல்கிறார்களோ, அந்தச் சொல்லிலேயே அடுத்த கேள்வி. அப்புறம்தான் தள்ளினாரா, அறைந்தாரா என்ற வரிசை. கழுத்தும் உண்டு.

பட்டறைக்கு வெளியே கூப்பிட்டுப் பேசுவதுதான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். தலைகீழ். வெளியே வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். தறி ஓடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து காதோடு பேசினால், நாலடி தள்ளி நிற்கும் கணவருக்குக்கூட ஒன்றும் கேட்காது. நான் அவர் பேசுவதைப் புரிந்துகொள்ள உதட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அது வேறு. கரண்ட் போனால் மட்டும் இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறோம். நேற்று அப்படி நின்றபோது அந்த அக்கா கொஞ்சமும் தயங்காமல், "ரேஷன்ல பருப்பு இந்த மாசம் போட்டாங்களா?" என்றார். எனக்கு மாற்றுக் கேள்வித்தாள் தேவைப்படவே இல்லை.

முன்பணக் கேள்வியைச் சேர்த்தேன். பாவு நூல் அண்ணா, நன்றி. பதில்களைப் பற்றி இப்போது எழுதக் கூடாது.

ஏற்காட்டில் ஒரு பெண். எல்லாவற்றுக்கும் 'இல்லை'. தள்ளியது இல்லை, அறைந்தது இல்லை, காசு பிடுங்கியது இல்லை. பெண்கள் உதவி எண் 181ஐச் சொல்லிவிட்டு, சரி என்று நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு நானும் பழம் பறிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமல், "அந்த 181னு சொன்னீங்களே, அதுக்குக் காசு புடிக்குமா?" என்றார். பிடிக்காது என்றேன். "ராத்திரியும் எடுப்பாங்களா?" எடுப்பார்கள் என்றேன். அவ்வளவுதான். தாளில் அவருடைய எல்லாக் கட்டமும் 'இல்லை'. அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை.

கணக்குப்பிள்ளை சார், இப்படிப்பட்டவர்களை எப்படி எண்ணுவது?

கணக்குப்பிள்ளை

எண்ண வேண்டாம், 'இல்லை' என்றே வையுங்கள். சொல்லத் தயங்குகிறவர்களையும் சேர்த்துக் கணிக்கப் பட்டியல் முறை என்று ஒன்று உண்டு. பாதிப் பேருக்கு நான்கு வாக்கியம் படிப்பீர்கள்: இந்த மாதம் பஸ்ஸில் போனேன், காய்ச்சல் வந்தது, இந்த மாதிரி. மீதிப் பேருக்கு அதே நான்கோடு ஐந்தாவதாகக் 'கணவர் கை நீட்டினார்'. எது உண்மை என்று சொல்ல வேண்டாம், எத்தனை உண்மை என்று எண் மட்டும் சொன்னால் போதும். இரண்டு கூட்டத்தின் சராசரி வித்தியாசம்தான் விடை. எந்தப் பெண் சொன்னார் என்று உங்களுக்கே தெரியாது. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், உங்கள் ஆய்வுக்குச் சரிவராது. நோட்டை மூடிய பிறகு நடந்ததைத் தனியாகக் களக்குறிப்பில் எழுதுங்கள். ஒரு பத்தி போதும். எனக்கு எல்லா அட்டவணையையும்விட அந்தப் பத்தி வேண்டும்.

தேசிய ஆய்வில் வன்முறையை அனுபவித்தவர்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். காசு பிடிக்குமா என்று கேட்டவர் எந்தக் கணக்கிலும் இல்லை.

தறிச்சத்தம்

எழுதுகிறேன் சார். இன்னொரு விஷயம். அவர் எண்ணை எழுதிக்கொள்ளப் பேனா கேட்கவில்லை, போனும் கணவரிடம். எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பதால் நானும் எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று இலக்கம்தான், மறக்காது என்று நினைக்கிறேன்.

ஓய்வுச்செவிலி

தாள் வேண்டாம், சின்ன அட்டை போடு கண்ணு. சுருக்குப்பைக்குள்ள போற அளவு. 'முக்கிய எண்கள்' தலைப்பு. 108 ஆம்புலன்ஸ், 104 மருத்துவ ஆலோசனை, 101 தீயணைப்பு, 1098 குழந்தைகள், ஏற்காடு பஸ் நேரம் நாலு. எல்லா வீட்டுக்கும் குடு, ஆம்பளைங்களுக்கும் குடு. அப்பத்தான் அது யாருக்கானதுன்னு தெரியாது.

181ஐ முதல் வரியில போடாத. கடைசியிலயும் வேண்டாம். நடுவுல போடு.

பாவு_நூல்

செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த அச்சகம் இருக்கிறது, தங்கச்சி. நாளைக்கு விலை கேட்டுச் சொல்கிறேன். பஸ் நேரத்தை மட்டும் சரிபார்த்து அனுப்புங்கள், போன மாதம் மாற்றினார்கள் என்று கேள்வி.